பிரிக்காத மூட்டை

மோபெனியில் மூடிப்போன சட்டைக் கம்பெனியின்
இருபத்தாறு வருடச் சம்பளச் சீட்டுகள்
ஒரே கோப்பாக வந்திருக்கின்றன.
அமுக்கிய நிலையில் நாற்பது ஜிபி.
பிரித்தால் முந்நூறு.
என் மடிக்கணினியில் மிச்சமிருக்கும் இடம்
ஒன்பது.

ஆறு மணிக்கு மின்வெட்டு, நான்காம் கட்டம்.
அம்பிலோ சாலை முழுக்க ஜெனரேட்டர்கள்
ஒன்றையொன்று திட்டிக்கொள்கின்றன.
நொம்புசோ ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி
என் மேசையில் சொட்டுவிட்டு நிறுத்திவைத்து
டாக்சி பிடிக்க ஓடினாள்.
பாட்டரி முப்பத்தொன்று.

நாளை பத்து மணிக்கு குணவதி ஆன்டி வருவார்.
காஜா மெஷின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்த
நான்கு வருடங்களை
ஓய்வூதிய நிதி நம்ப மறுக்கிறது.
எண்பத்தேழிலிருந்து தொண்ணூற்றொன்று வரை.
'அப்போ நான் எங்கே இருந்தேனாம்?'
போன தடவை கேட்டார்.
கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான்.

மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.
ஒரு காலி ஃபோல்டர் போதும்.
பெயர் வைக்கக் கற்பனை ஓடவில்லை,
'உள்ளே' என்றே வைத்தேன்.
பிறகு ஒரே வரி: எதை, எங்கே.
என்டர்.

முதல் தடவைதான் நேரமெடுக்கும்.
பழைய நாடா மாதிரி கட்டிய மூட்டை இது,
எது எங்கே என்று அதற்கே தெரியாது.
தலையிலிருந்து கால்வரை ஒருமுறை வாசித்து
நிரல் எழுதிக்கொள்கிறது.
இருபத்திரண்டு சதவீதம். பாட்டரி இருபத்தாறு.
எழுபது. பாட்டரி பதினேழு.
ஏறுவதையும் இறங்குவதையும்
மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்
குதிரைப் பந்தயம் பார்ப்பவளைப் போல.

ஏறிவிட்டது.
தமிழில் இதை ஏற்றுதல் என்றுதான் சொல்லவேண்டும்.
லாரியில் ஏற்றுவது அல்ல,
நொம்புசோ ஏற்றியது போல.
எதுவும் இடம் மாறவில்லை.
இருட்டில் கிடந்தது
கிடந்த இடத்திலேயே தெரிகிறது.

தொட்ட சீட்டு மட்டும் விரிகிறது,
தொடாதவை அமுங்கியே கிடக்கின்றன.
குணவதி என்று தேடினேன். இல்லை.
ரங்கசாமி அறுபத்தொரு பேர்,
எல்லாரும் ஆண்கள்.
ஜி வரிசையை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனபோது
ஆர். கூனவதி. எண் 417. காஜா பிரிவு.
வாரம் எண்பத்தெட்டு ராண்ட் நாற்பது செண்ட்.

எந்த எழுத்தரோ யூ போடவேண்டிய இடத்தில்
இரண்டு ஓ போட்டிருக்கிறார்.
தமிழ் தெரியாதவர்தான்.
ஆனாலும் குனிந்தபடியே இருந்தவளை
ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்து
அடித்தது போல இருந்தது.

கை சும்மா இருக்குமா?
பெயரைத் திருத்தப் போனேன்.
படிக்க மட்டும் என்றது.
இன்னொரு முறை.
படிக்க மட்டும்.
சரி.
அந்தப் பிழையில்தான் அவர்
இருநூற்றெட்டு வெள்ளிக்கிழமை
சம்பளம் வாங்கியிருக்கிறார்.
என் விரல் பட்டால் அது வேறு சீட்டு.

நகலெடுத்துக்கொண்டேன். பாட்டரி ஒன்பது.
இறக்கப் போனால், முடியாது,
பயன்பாட்டில் உள்ளது என்கிறது.
திறந்த படங்களையெல்லாம் மூடினேன்.
பயன்பாட்டில் உள்ளது.
யார் அது, உள்ளே?
கேட்டேன். ஒரு எண் வந்தது.
அந்த எண் நான்தான்.
இதே கறுப்புச் சன்னல்,
'உள்ளே'வுக்குள் நின்றபடியே
'உள்ளே'வை இறக்கு இறக்கு என்று
கத்திக்கொண்டிருக்கிறது.

சிடி, ஒரு இடைவெளி, இரண்டு புள்ளி.
ஒரு படி வெளியே.
இப்போது மறுபேச்சில்லாமல் இறங்கியது.
எட்டிப் பார்த்தேன்,
ஒன்றுமில்லை, வெறும் 'உள்ளே'.

வெளி வட்டில் மூட்டை
ஒரு முடிச்சும் தளராமல்.
மெழுகு இன்னும் ஒரு விரற்கடை.
நாளைக்குச் சொல்ல ஒரு வாக்கியம் இருக்கிறது:
ஆன்டி, நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள்,
இரண்டு ஓ-க்களுக்குள்.